'விசிட் விசால போங்க, அங்க போய் மாத்திக்கலாம்!' - வளைகுடா வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்கள் சிக்குவது எங்கே?

உங்கள் வீட்டில் நன்றாக போன் பார்க்கத் தெரிந்த ஆள் நீங்கள்தானா? அப்படியென்றால், என்றாவது ஒருநாள் உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு பி.டி.எஃப் வரும். பக்கத்து வீட்டு அக்காவோ, அம்மாவோடு வேலை பார்ப்பவரோ, தூரத்துச் சொந்தத்தில் ஓர் அத்தையோ அனுப்பியிருப்பார். பாதி அரபி, பாதி ஆங்கிலம். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "துபாய்க்கு விசா வந்துருச்சுன்னு ஏஜென்ட் சொல்றாருப்பா. வீட்டு வேலை, நல்ல சம்பளமாம். சரியா இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

பெரும்பாலும் நாம் என்ன செய்வோம்? பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'ஓகேக்கா, சூப்பர்' என்று தம்ஸ் அப் போட்டுவிடுவோம். ஆனால், அந்த அக்காவின் அடுத்த இரண்டு வருடம் எப்படி இருக்கும் என்பது, நாம் படிக்காமல் தாண்டிப்போன ஒரு வரியில் இருக்கிறது. விசாவின் வகை என்ன என்று சொல்லும் வரி.

அந்த வரியை எப்படிப் படிப்பது, அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வீட்டு வேலை மட்டும் ஏன் தனி ரகம்?

உலகம் முழுக்க வீட்டு வேலை செய்கிறவர்கள் சுமார் 7.56 கோடிப் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021-ல் கணக்கிட்டது. நான்கில் மூன்று பங்கு பெண்கள். இவர்களில் வேறு நாட்டுக்குப் போய் வேலை செய்கிறவர்களின் நிலைமை இன்னும் சிக்கல். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் விஷயத்தில் அந்தச் சிக்கலுக்குப் பெயர் 'கஃபாலா'.

வளைகுடாவில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் 'கஃபீல்' என்ற வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பான்சர், முதலாளி. அங்கே தங்குவதற்கான அனுமதி, அதாவது இகாமா, இந்தக் கஃபீல் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். கட்டடத் தொழிலாளிக்கும் இதே கதைதான். ஆனால், அவர் கேம்ப்பில் நூறு பேரோடு தங்குகிறார். பிரச்னை என்றால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமாவது சொல்லலாம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் ஒரே வீடு. அந்த வீட்டின் சாவி முதலாளியிடம். வைஃபை பாஸ்வேர்டு முதலாளியிடம். பல வீடுகளில் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான்.

அடி தாங்க முடியாமல் அந்த வீட்டைவிட்டு ஒரு பெண் வெளியே ஓடி வந்தால் என்ன ஆகும்? முதலாளி போய், 'என் வேலைக்காரி ஓடிவிட்டாள்' என்று ஒரு புகார் கொடுத்தால் போதும். சவுதியில் இதை 'ஹுரூப்' என்பார்கள். அந்தப் புகார் பதிவானதும், அடி வாங்கியவர் சட்டப்படி தப்பி ஓடியவர் ஆகிவிடுகிறார். காயத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும் முதல் கேள்வி, 'இகாமா எங்கே?'

இன்னொரு பக்கம் பணம். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்கும் குடும்பம், ஏஜென்சிக்கு ஒரு பெரும் தொகையை முன்கூட்டியே கட்டுகிறது. இது பல சமயம் அந்தப் பெண்ணுக்கே தெரியாது. 'உன்னைக் காசு கொடுத்து வாங்கியிருக்கேன்' என்று முதலாளியம்மா கத்துவதன் பின்னணி இதுதான். போட்ட காசு வர வேண்டும் என்ற கணக்கில், லீவு கேட்டாலும், ஊருக்குப் போகணும் என்றாலும், 'முதல்ல என் பணத்தை வெச்சுட்டுப் போ' என்ற பதில் வரும்.

சம்பளத்திலும் ஒரு தரவரிசை உண்டு. எவ்வளவு நன்றாகச் சமைப்பார் என்பதைவிட, எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதை வைத்துச் சம்பளம் பேசுவது அங்கே வெகு சாதாரணம். ஒரே தெருவில் ஒரே வேலையைச் செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு ஒரு சம்பளம், இந்திய, இலங்கைப் பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, எத்தியோப்பியப் பெண்ணுக்கு இன்னும் குறைவு. விளம்பரத்திலேயே நாட்டைக் குறிப்பிட்டுக் கேட்பார்கள். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் வருவோம்.

பாதிப் பொய்தான் நன்றாக விற்கும்

'விசிட் விசால போங்கக்கா, அங்க போய் மாத்திக்கலாம்.' ஊரில் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு சுற்றுகிறவர்களின் வாயில் அதிகம் புழங்கும் வசனம் இது. இது எடுபடுவதற்குக் காரணம், இது முழுப் பொய் இல்லை என்பதுதான். அமீரகத்துக்கு விசிட்டில் போய், வேலை தேடி, அங்கேயே முறையாக விசா மாற்றிக்கொண்ட நம்ம ஊர்ப் பையன்கள் ஏராளம். 'அவன் போகலையா? அவனுக்கு என்ன கெட்டுப்போச்சு?' என்று ஏஜென்ட் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ஆனால், அந்தப் பையனுக்கும் இந்த அக்காவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அக்காவின் பாஸ்போர்ட்டில், முகவரி இருக்கும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு பாஸ் ஆகாதவராக இருந்தால் அநேகமாக அங்கே 'இ.சி.ஆர்' இருக்கும். (மகாபலிபுரம் போகிற ரோடு இல்லை!) 'எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு' என்பதன் சுருக்கம். வளைகுடா நாடுகள், மலேசியா, லெபனான், ஜோர்டான் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, இந்த பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். அதற்கான இணையதளம் இமைக்ரேட். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் என்ன, இன்ஷூரன்ஸ் போட்டாச்சா என்று எல்லாம் அதில் பதிவாகும்.

விசிட் விசாவில் போகும் சுற்றுலாப் பயணிக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஓட்டை அங்கேதான். 'இமிகிரேஷன்ல கேட்டா, தங்கச்சியைப் பாக்கப் போறேன்னு சொல்லுங்க' என்று சொல்லிக்கொடுத்து, கையில் ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டையும் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். அந்த ரிட்டர்ன் டிக்கெட் பிறகு கேன்சல் ஆகிவிடும். விமானம் கிளம்பிய அந்த நிமிடத்தில் இருந்து, இந்திய அரசின் ஏட்டில் அந்த அக்கா ஒரு டூரிஸ்ட். எந்த வீட்டில் வேலை செய்கிறார் என்பதற்கு எந்த ஆவணமும் கிடையாது. அங்கே இருக்கும் ஏஜென்ட், 'துபாய்ல இடம் இல்ல, ஓமன் போ' என்றால் போக வேண்டியதுதான். விசா முடிந்தபின் ஒவ்வொரு நாளும் அபராதம் ஏறும். மறுபடி மறுபடி வீடு மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ ஒருவர் காசு பார்ப்பார்.

2022 நவம்பரில் இலங்கையைக் குலுக்கிய செய்தி இதேதான். சுற்றுலா விசாவில் ஓமனுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்கு விற்கப்பட்டதாகப் புகார்கள் கிளம்பின. பல பெண்கள் மஸ்கட்டில் இலங்கைத் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் சிக்கிக்கிடந்தார்கள். அந்த விவகாரத்தில், ஓமனில் இருந்த தூதரக அதிகாரி ஒருவரே கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கியபோது கைது செய்யப்பட்டார். காப்பாற்ற வேண்டிய கட்டடத்தில் இருந்தவர் மீதே புகார் என்றால், மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு பூட்டு

'அப்ப முறையான வழியிலேயே போகலாமே?' என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால், அந்த வழி எவ்வளவு குறுகல் என்று பார்க்க வேண்டும்.

இ.சி.ஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் இந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும். 2007-ல் வந்த விதி. ஆணுக்கு இப்படி ஒரு விதி இல்லை. 2016-ல் இருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: தனியார் ஏஜென்ட் வழியாக இந்தப் பெண்கள் போக முடியாது, அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும்தான். தமிழ்நாட்டில் அது சென்னையில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். கேரளாவில் நோர்கா ரூட்ஸ், ஒடேபெக். முதலாளியும் ஒரு பெண்ணுக்கு 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்று இருந்தது. குவைத் இதை ஏற்கவே இல்லை. இந்தியப் பணிப்பெண்களுக்கு விசா கொடுப்பதையே நிறுத்தியது. கடைசியில் 2017-ல் குவைத் விஷயத்தில் இந்தியாதான் இறங்கி வந்தது.

நோக்கம் நல்லதுதான். விளைவைப் பாருங்கள். 26 வயதில் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு, சுய உதவிக்குழு கடனும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் கழுத்தை நெரிக்கும் ஒரு பெண், 30 வயது ஆகட்டும் என்று நான்கு வருடம் காத்திருப்பாரா? கந்துக்காரர் காத்திருப்பாரா? அவர் போகத்தான் போகிறார். முன்வாசல் பூட்டியிருப்பதால் கொல்லைப்புற வழியாகப் போகிறார். அந்த வழியைக் காட்டும் ஆளுக்குத்தான் இந்தப் பூட்டால் லாபம்.

வயதைத் திருத்துவது அந்தக் கொல்லைப்புற வழிகளில் ஒன்று. அது எங்கே போய் முடியும் என்பதற்கு ரிசானா நஃபீக் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருகோணமலை மாவட்டம் மூதூரைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பெண். 2005-ல் சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவருக்கு வயது 17. ஆனால், ஏஜென்ட் ஏற்பாடு செய்த பாஸ்போர்ட்டில் பிறந்த வருடம் 1982 என்று இருந்தது. அதன்படி 23. போன சில வாரங்களில், அவர் பால் புகட்டிக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. குழந்தைக்குப் புரையேறியது என்றார் ரிசானா. கொலை என்றார்கள் பெற்றோர். விசாரணையின் தொடக்கத்தில் அவருக்கு வக்கீல் இல்லை. வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் சரியாக மொழிபெயர்த்தாரா என்ற கேள்விக்குக் கடைசிவரை நல்ல பதில் இல்லை. பிறப்புச் சான்றிதழ்படி சிறுமி. பாஸ்போர்ட்படி வயது வந்த பெண். நீதிமன்றம் பாஸ்போர்ட்டைத்தான் பார்த்தது. 2013 ஜனவரி 9-ம் தேதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

வேலைக்குப் போக வயதைக் கூட்டிப் போட்ட அந்த ஒரு வரி, சிறுமி என்ற பாதுகாப்பையே அவரிடம் இருந்து பறித்துவிட்டது.

அதன்பிறகு இலங்கை என்ன செய்தது தெரியுமா? குறைந்தபட்ச வயதை ஏற்றியது. சவுதிக்கு 25. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் தாய் போகக் கூடாது, 'குடும்பப் பின்னணி அறிக்கை' வேண்டும் என்றது. அப்பாவுக்கு அந்த அறிக்கை கேட்கவில்லை. பொருளாதாரம் விழுந்து டாலர் இல்லாமல் நாடு தவித்த 2022-ல், அதே அரசு வயதை 21 ஆகக் குறைத்தது. ஆக, வயது வரம்பு என்பது பெண்ணின் பாதுகாப்பைவிட நாட்டின் தேவையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. இதை எழுதும்போது கசப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விநோதம். பத்தாவது பாஸ் பண்ணிய பெண்ணுக்கு இ.சி.ஆர் கிடையாது. அவருக்கு வயது வரம்பும் இல்லை, அனுமதியும் தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இமைக்ரேட் பதிவும் கட்டாயம் இல்லை என்பதால், அவர் எங்கே வேலை செய்கிறார் என்பதே அரசுக்குத் தெரியாது. படித்த பெண்ணுக்கு ஏமாறும் சுதந்திரம் தாராளம்! அவர்களும் விருப்பப்பட்டால் இமைக்ரேட்டில் பதிவு செய்துகொள்ளலாம். பத்து நிமிட வேலை. செய்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

பிலிப்பைன்ஸ் என்ன வித்தியாசமாகச் செய்தது?

பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு மட்டும் ஏன் கூடுதல் சம்பளம் என்று மேலே விட்ட கேள்விக்கு வருவோம். அவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள் என்பது பாதிக் காரணம். மீதியைச் சட்டம் செய்தது.

1995-ல் சிங்கப்பூரில் ஃப்ளோர் கன்டெம்ப்ளாசியன் என்ற பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டபோது அந்த நாடே தெருவுக்கு வந்தது. அதே வருடம் புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதில் ஒரு முக்கியமான விதி: வெளிநாட்டு முதலாளி சம்பளம் தராவிட்டால், ஆள் அனுப்பிய உள்ளூர் ஏஜென்சியும் சேர்ந்து பொறுப்பு. அரபு நாட்டு முதலாளியைத் தேடிப்போய் வழக்குப் போட வேண்டியதில்லை. மணிலாவில் இருக்கும் ஏஜென்சியின் மீது போடலாம். 2006-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 400 டாலர் என்றும், அந்தப் பெண்ணிடம் ஏஜென்சி கட்டணமே வாங்கக் கூடாது என்றும் கொண்டுவந்தார்கள்.

இதனால் அங்கே கொடுமை நின்றுவிட்டதா? இல்லை. 2018 பிப்ரவரியில் குவைத்தில் ஆளில்லாத ஒரு ஃபிளாட்டின் ஃப்ரீசரில் பிலிப்பைன்ஸ் பணிப்பெண் ஒருவரின் உடல் கிடைத்தது. அவர் காணாமல்போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிலிப்பைன்ஸ் உடனே குவைத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆனால், அந்தத் தடையைப் பேரம் பேசப் பயன்படுத்தியது. மூன்றே மாதத்தில் குவைத்தோடு ஒப்பந்தம் போட்டது. முதலாளி பாஸ்போர்ட்டை வைத்திருக்கக் கூடாது, போனைப் பிடுங்கக் கூடாது, வாரம் ஒருநாள் லீவு என்று எழுதி வாங்கிக்கொண்டு தடையை நீக்கியது. நாம் நம் பெண்களைத் தடுக்கிறோம். அவர்கள் எதிர்த்தரப்பிடம் விலை கேட்டார்கள். வீட்டுத் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை எண் 189, 2011-ல் வந்தபோது இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. இன்றுவரை அதை உள்நாட்டில் ஏற்று உறுதிசெய்யவில்லை. பிலிப்பைன்ஸ் அடுத்த வருடமே செய்துவிட்டது.

அங்கே சட்டமே இல்லையா?

இருக்கிறது. இது நிறைய பேருக்குத் தெரியாது. குவைத்தில் 2015-ம் வருடத்தின் 68-ம் எண் சட்டம், வீட்டுத் தொழிலாளிக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாராந்தர ஓய்வு, வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு லீவு, வேலை முடியும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்கிறது. கத்தாரில் வேலை நேரம் 10 மணி. 2021-ல் இருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். வீட்டு வேலைக்கும் அது பொருந்தும். நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்பதையும் கத்தார் 2020-ல் வீட்டுத் தொழிலாளிகளுக்கு நீக்கியது. அமீரகத்தின் 2022 சட்டப்படி ஒரு நாளில் 12 மணி நேரம் ஓய்வு, அதில் 8 மணி நேரம் தொடர்ச்சியாக. பாஸ்போர்ட் தொழிலாளியின் கையில்தான் இருக்க வேண்டும். சவுதியில் 2021-ல் வேலை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் வந்தபோது மட்டும் வீட்டுத் தொழிலாளிகளை வெளியே விட்டுவிட்டார்கள்.

காகிதத்தில் இத்தனையும் இருந்து என்ன? ஃபேக்டரிக்குள் இன்ஸ்பெக்டர் நுழையலாம். வீட்டுக்குள் நுழைய முடியாது. அமீரகத்தில் வீட்டுக்காரரின் சம்மதமோ அரசு வழக்கறிஞரின் அனுமதியோ வேண்டும். அதனால், உள்ளே இருக்கும் பெண்ணிடம் இருந்து வெளியே ஒரு தகவல் வந்தால் மட்டுமே சட்டம் வேலை செய்யும். போன் ஏன் உயிர் என்பது இப்போது புரியும்.

சரி, அந்த பி.டி.எஃப்பைத் திறங்க!

முதலில் விசா வகை. 'விசிட்', 'டூரிஸ்ட்' என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குவைத் என்றால் வீட்டு வேலை விசாவுக்கு ஆர்ட்டிகிள் 20, கம்பெனி வேலைக்கு ஆர்ட்டிகிள் 18. 'ஆஸ்பத்திரி க்ளீனிங் வேலை' என்று சொல்லிவிட்டு விசாவில் 20 இருந்தால், அவர் போகப் போவது ஒரு வீட்டுக்கு. அரபியில் இருக்கும் தொழில் பெயரை போன் கேமராவில் காட்டி டிரான்ஸ்லேட் செய்து பாருங்கள். முழுசாக நம்ப வேண்டாம், ஆனால் 'வீட்டுப் பணியாளர்' என்பது தெரிந்துவிடும். சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்குக் கிளம்பும் முன்பே அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மெடிக்கல் எடுக்க வேண்டும். 'மெடிக்கலே கேக்கலப்பா, அவ்ளோ ஈஸி' என்று அக்கா சந்தோஷப்பட்டால், நீங்கள் கவலைப்பட வேண்டும்.

அடுத்து ஏஜென்ட். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டுக்கு ஆர்.சி நம்பர் இருக்கும். இமைக்ரேட் தளத்தில் தேடினால், அந்த ஏஜென்சி உயிரோடு இருக்கிறதா, சஸ்பெண்டா என்று வரும். போலி ஏஜென்ட்டுகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. 'நான் மெயின் ஏஜென்ட்டோட ஆளு' என்கிற ஊர்க்காரருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இ.சி.ஆர் அக்காவுக்கு லைசென்ஸ் உள்ள தனியார் ஏஜென்ட்கூட அனுப்ப முடியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். மற்றவர்களிடம் லைசென்ஸ் ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும்தான். ரசீது கேளுங்கள். ரசீது தராத ஏஜென்ட்டுக்கு ஜிபேயில் அனுப்பினால், குறைந்தபட்சம் தேதியும் பெயரும் நின்றுவிடும்.

ஒப்பந்தம் ஒன்றுதானா, இரண்டா? இங்கே காட்டுவது ஒன்று, அங்கே இறங்கியதும் அரபியில் கையெழுத்து வாங்குவது இன்னொன்று என்பது பழைய வித்தை. இங்கே கொடுத்ததை ஒரு பக்கம் விடாமல் போட்டோ எடுத்து உங்கள் மொபைலிலும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், முதலாளியின் பெயர், போன் நம்பர் எல்லாமே. நாளைக்குப் புகார் கொடுக்கும்போது முதலில் கேட்கப்படுவது இவைதான். அக்காவின் போன் பிடுங்கப்பட்டால் அவரிடம் எதுவும் இருக்காது, உங்களிடம் இருக்க வேண்டும்.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று ஒரு இன்ஷூரன்ஸ். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். இ.சி.ஆர் வழியில் முறையாகப் போகிறவர்களுக்குக் கட்டாயம். விசிட்டில் போகிறவருக்கு இதுவும் கிடையாது.

போனைப் பற்றி இரண்டு விஷயம். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது. 'போன் எடுக்க மாட்டேங்குறா' என்று வீட்டில் அழ ஆரம்பிப்பதற்கு முன், பாட்டிம் போன்ற ஆப் போட்டுக் கொடுங்கள். வாய்ஸ் நோட்டும் லொகேஷனும் வாட்ஸ்அப்பிலேயே போகும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே லொகேஷன் அனுப்பச் சொல்லிக் கொடுத்தே அனுப்புங்கள். 'எந்த ஊர், எந்தத் தெருன்னே தெரியல' என்பதுதான் மீட்புக்கு முதல் தடை. அப்புறம், குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை. முதலாளியம்மா பக்கத்தில் நின்று கேட்கும்போது, 'என்னை அடிக்கிறாங்க' என்று சொல்ல முடியாது. 'காஞ்சிபுரம் பெரியம்மா எப்படி இருக்காங்க?' என்று கேட்கலாம். அப்படி ஒரு பெரியம்மா இல்லாமல் இருப்பது நல்லது!

அழைப்பு வந்துவிட்டால்...

ஜன்னல் வழியாகப் புடவையைக் கட்டி இறங்கும் யோசனை மட்டும் வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். 2015-ல் ரியாத்தில் வேலை பார்த்த தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் வலது கை துண்டான செய்தி நினைவிருக்கலாம். முதலாளி வெட்டிவிட்டார் என்றது குடும்பம். தப்பிக்க முயன்று மாடியில் இருந்து விழுந்தார் என்றது சவுதி தரப்பு. இரண்டில் எது உண்மையாக இருந்தாலும், அந்த வீட்டில் இருந்து அவர் வெளியேற வாசல் கதவு உதவவில்லை.

வெளியே வர முடிந்தால் நேராக இந்தியத் தூதரகம். ரியாத், குவைத் போன்ற இடங்களில் பெண்களுக்குத் தங்குமிடம் உண்டு. வர முடியாவிட்டால் இங்கிருந்து நீங்கள் 'மதத்' தளத்தில் புகார் பதியலாம். வெளியுறவு அமைச்சகத்தின் தளம், புகார் எண் வரும், எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று பார்க்கலாம். பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் கட்டணமில்லா எண் 1800 11 3090. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு 1800 309 3793. இலங்கை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989. விசிட் விசாவில் போனவர் என்பதற்காக உதவி மறுக்கப்படும் என்று பயந்து மறைக்க வேண்டாம். டிக்கெட்டுக்கோ அபராதத்துக்கோ வழியில்லாதவர்களுக்கு, தூதரகங்களிடம் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009-ல் இருந்து இருக்கிறது. சட்டப்படி போகாதவர்களும் கேட்கலாம்.

ட்விட்டரில் அமைச்சரை டேக் செய்வது பலன் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால், அழுகிற வீடியோவைப் பொதுவில் போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த வீடியோவை முதலாளியும் பார்ப்பார். அப்போதும் அவர் அதே வீட்டில்தான் இருப்பார். வீடியோவைப் புகாரோடு இணைத்துவிட்டு, பொதுவில் போடுவதை அவர் வெளியே வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஊர் ஏஜென்ட்டைச் சும்மா விட வேண்டியதில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஆள் அனுப்புவது 1983-ம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி இரண்டு வருடம்வரை சிறைக்குரிய குற்றம். பொதுவாக இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால், பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் அப்பா, அம்மா, கணவர், பிள்ளை, உடன்பிறந்தவர் யாராவதோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. ஸ்டேஷனில் 'டெல்லி பர்மிஷன் வேணும்மா' என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். ஏமாற்றிக் கொண்டுபோய் விற்றது தெரிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவும் வரும், அது ஆள் கடத்தல்.

ஒருவழியாக டிக்கெட் கிடைத்து அக்கா ஊர் திரும்பப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதச் சம்பளம் பாக்கி. 'வந்தா போதும், காசு போனா போகட்டும்' என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். முதலாளிக்கும் அதுதான் வேண்டும். ஆள் விமானம் ஏறியதும், வாதாட யாரும் இல்லாமல் கேஸ் படுத்துவிடும். அதனால், கிளம்பும் முன் தூதரகத்திலேயே, தன் சார்பில் வழக்கை நடத்த ஒருவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். எத்தனை மாத பாக்கி, மாதம் எவ்வளவு பேசியது, எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்க்கச் சொல்லுங்கள். ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகளும், அவர் மாதாமாதம் அனுப்பிய வாய்ஸ் நோட்டுகளும் உங்கள் போனில் இருக்கும். போன் மாற்றும்போது அதை டெலீட் செய்துவிடாதீர்கள்.